கற்றல் பாணியும் கணிதப் புள்ளியும்: செயல்நிலை ஆய்வுக்கு ஆலோசனை வேண்டும்

கொட்டகலை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். கல்வியியல் கல்லூரியில் கணித நெறி படிக்கிறேன். செயல்நிலை ஆய்வுக்கு, அதாவது ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்து பார்க்கும் ஆய்வுக்கு, தலைப்புக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. ‘கற்றல் பாணியும் கணித அடைவும்’ என்பதை எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

திட்டம் இதுதான். ஒருவர் எப்படிப் படிக்க விரும்புகிறார் என்று கேட்கும் வார்க் வினாக்கொத்தைத் தமிழில் போட்டு எங்கள் வகுப்பில் 30 பேருக்குக் கொடுப்பது. பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், வாசித்து எழுதிப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று நான்கு வகை வரும். அதைப் பருவப் பரீட்சைப் புள்ளிகளோடு வைத்து, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் இணைபுக் குணகம் கணிப்பது. எந்தப் பாணிக்காரர் கணிதத்தில் கூடுதலாக எடுக்கிறார் என்று தெரிந்துவிட்டால், நாளைக்குத் தோட்டப் பாடசாலையில் நியமனம் கிடைத்ததும் பிள்ளைகளை அதற்கேற்பப் பிரித்துப் படிப்பிக்கலாம் அல்லவா?

நான் எதையும் வரைந்து பார்த்தால்தான் விளங்கிக்கொள்வேன். என் அறைத்தோழி குறிப்பை வாசித்தே படிப்பவள். இரண்டு பேருக்கும் புள்ளி வித்தியாசம் நிறைய. அதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. தலைப்புச் சரிவருமா, சொல்லுங்கள்.

பேராதனைக் கணக்கு:

தங்கச்சி, எடுத்த விஷயம் நல்லது. ஆனால் இந்தத் திட்டத்தால் நீங்கள் தேடுகிற விடை வராது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார்க் என்பது 1987இல் நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் நீல் பிளெமிங் உருவாக்கியது. 1992இல் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ‘நான் எப்படிப் படிக்கிறேன்’ என்று மாணவர் தன்னைத் தானே யோசித்துப் பார்க்கத் தூண்டுகிற கருவியாகத்தான் அதை முன்வைத்தார்கள். அதில் 16 கேள்விகள். ஒன்றுக்கு மேற்பட்ட விடையையும் தெரிவுசெய்யலாம். வழி கேட்கிறவருக்கு எப்படிச் சொல்வீர்கள், புதிதாக ஒரு சமையலை எப்படிச் செய்து பார்ப்பீர்கள் என்பது மாதிரியான கேள்விகளும் உண்டு. எல்லாம் விருப்பத்தைப் பற்றியவை, திறமையைப் பற்றியவை அல்ல. ஒருவருக்குப் படம் பிடிக்கும் என்பதால் படம் பார்த்து அவர் கூடுதலாகக் கற்கிறார் என்று ஆகிவிடாது.

இது ஒன்று மட்டும் என்று நினைக்காதீர்கள். டேவிட் கொல்ப் என்பவரின் மாதிரி இருக்கிறது. பொறியியல் மாணவர்களை நினைத்து 1988இல் ஃபெல்டரும் சில்வர்மேனும் வைத்த மாதிரி இருக்கிறது. 2004இல் பிரித்தானியாவில் கொஃபீல்ட் குழுவினர் தேடிப் பார்த்தபோது 71 கற்றல் பாணி மாதிரிகள் அகப்பட்டன. அவற்றில் 13ஐ எடுத்து நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். நம்பகத்தன்மையில் பலதும் தேறவில்லை.

இனி முக்கியமான இடம். உங்கள் திட்டத்துக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, எந்தப் பாணிக்காரருக்குப் புள்ளி கூட என்பது. இரண்டாவது, பாணிக்கேற்பப் படிப்பித்தால் புள்ளி கூடுமா என்பது. நீங்கள் சேகரிக்கப்போகும் தரவு முதலாவதுக்கு மட்டும்தான். ஆனால் கடைசியில் வகுப்பைப் பிரிக்கிற முடிவு இரண்டாவதின் மேல் நிற்கிறது.

இரண்டாவது கேள்வியைச் சோதிப்பது எப்படி என்று 2008இல் பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் நான்கு பேரும் தெளிவாக எழுதினார்கள். படம் விரும்புவோர், சொல் விரும்புவோர் என்று பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் பாதிப்பேருக்குப் படப்பாடம், மீதிப்பேருக்குச் சொற்பாடம் என்று குலுக்கல் முறையில் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே பரீட்சை வையுங்கள். படக்காரர் படப்பாடத்திலும் சொற்காரர் சொற்பாடத்திலும் மேலே வந்தால்தான் பாணிக் கொள்கை நிற்கும். எல்லோருமே படப்பாடத்தில் நன்றாகச் செய்தால், அந்தப் பாடத்துக்குப் படம் நல்லது என்றுதான் அர்த்தம். இந்த விதிப்படி நடந்த சோதனைகளைத் தேடினார்கள். கிடைத்ததே சொற்பம், அவற்றிலும் பெரும்பாலானவை கொள்கைக்கு எதிராகவே இருந்தன.

ஹட்டன் மாஸ்டர்:

உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். ஆராய்ச்சியை மதிக்கிறேன். ஆனால் வகுப்பில் நிற்கிறவனுக்குப் பிள்ளைகள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல என்று நன்றாகத் தெரியும். ஓடுகிற ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது எப்படி ஓடுகிறது என்று கேட்கும் சார்பு வேகக் கணக்கை எடுங்கள். காவிச் சமன்பாட்டை எழுதி விளக்கும்போது பாதி வகுப்பு முழிக்கும். அதே கணக்குக்கு வேக முக்கோணத்தைப் பலகையில் வரைந்தால் பின்வரிசையில் இருக்கிற பையன் எழுந்து விடை சொல்வான். அவன் பார்த்துப் படிக்கிறவன் என்று நான் சொன்னால் அதில் என்ன தவறு? எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் எல்லோருமே இப்படித்தான் சொல்வார்கள்.

பேராதனைக் கணக்கு:

சேர், முக்கோணத்தை நீங்கள் வரையத்தான் வேண்டும். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். முக்கோணம் வந்த பிறகு அந்தப் பையனுக்கு மட்டுமா விளங்கியது? முன்வரிசையில் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கும் அது உதவியிருக்கும். சார்பு வேகத்தின் இயல்பே அப்படி. அங்கே முக்கோணம்தான் கணக்கு. படம் வேண்டுமா, குறியீடு வேண்டுமா என்று தீர்மானிக்கிறது பாடப்பொருள். பிள்ளையின் நெற்றியில் ஒட்டுகிற முத்திரை அல்ல. தொகுத்தறிமுறை நிறுவலுக்கு எவ்வளவு நல்ல ஓவியம் போட்டாலும் கடைசியில் ‘முதலாவதற்குச் சரி’, ‘ஒன்றுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி’ என்ற இரண்டு படிகளையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆசிரியர்கள் எல்லோரும் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இங்கிலாந்து ஆசிரியர்களில் 93 வீதமும் நெதர்லாந்து ஆசிரியர்களில் 96 வீதமும் பாணிக்கேற்பப் படிப்பித்தால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்று நம்பினார்கள். நம்பிக்கை அவ்வளவு பரவலாக இருப்பதே இதைச் சோதித்துப் பார்க்கக் காரணம்.

இன்னொரு விஷயம். பெர்னார்ட் மோரின் என்று ஒரு பிரெஞ்சுக் கணிதவியலாளர். ஆறு வயதிலேயே பார்வை போனவர். கோளத்தைக் கிழிக்காமல், மடிப்புக் கூர்மை விழாமல் (பரப்பு தன்னையே ஊடுருவிச் செல்லலாம்) உட்புறம் வெளிப்புறமாகத் திருப்ப முடியும் என்பதை வடிவமாகக் கட்டிக் காட்டியவர்களில் முக்கியமானவர். கணிதத்தில் ‘பார்ப்பது’ என்பது கண்ணோடு முடிகிற சங்கதி அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பண்டாரவளைப் புள்ளிவிபரம்:

கணக்கு அண்ணா சொன்னதோடு ஒரு எண்ணிக்கைப் பிரச்சினையும் இருக்கிறது, தங்கச்சி.

30 பேரில் இணைபுக் குணகம் 5 வீத மட்டத்தில் பொருளுடையதாக, அதாவது தற்செயல் என்று தள்ளிவிட முடியாததாக, வர 0.361ஐத் தாண்ட வேண்டும். கல்வி ஆய்வுகளில் ஒரு தனிக் காரணி அவ்வளவு வலுவாக இருப்பது அரிது. ஆக, உண்மையில் சிறிய தொடர்பு ஒன்று இருந்தாலும் உங்கள் தரவில் அது தெரியாமல் போகலாம். எதிர்ப்பக்கமும் ஆபத்து. நான்கு பாணி, ஐந்து பாடம் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் 20 சோதனைகள். தொடர்பே இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று தற்செயலாகப் ‘பொருளுடையது’ என்று வந்து நிற்கும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவுரை எழுதப்பட்ட அறிக்கைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

வார்க்கில் பல விடை தெரிவுசெய்யலாம் என்பதால் பலர் இரண்டு மூன்று பாணி கலந்தவர்களாக வருவார்கள். அவர்களை விலக்கிவிட்டு மீதிப்பேரை நான்கு பெட்டிக்குள் போட்டால் சில பெட்டிகளில் மூன்று பேர்கூட மிஞ்சமாட்டார்கள்.

ஊவா முதலாம் வருடம்:

நான் பதுளைப் பக்கம். கம்பஸ் வந்து முதல் வருடம். எங்கள் பேட்சிலும் இப்படி ஒரு வினாக்கொத்துக் கொடுத்தார்கள். எனக்கு ‘வாசித்து எழுதுபவர்’ என்று வந்தது. ‘கேட்டல்’ ஆகக் குறைவு. அதற்குப் பிறகு லெக்சரில் இருக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்டுப் படிக்க வராது என்ற எண்ணமே ஓடுகிறது.

உண்மையைச் சொன்னால், உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு வந்திருக்கிறேன். இங்கே இங்கிலீசில் ஒரு தேற்றத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நான் முதல் வரியிலேயே நிற்கிறேன். அறைக்கு வந்து டியூட்டை (அச்சடித்துத் தந்த பாடத்தாளை) எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தால்தான் பிடிபடுகிறது. அப்படியானால் என் பாணி வாசிப்புத்தானே? கேட்டல் எனக்கு ஒத்துவராது என்று விட்டுவிடலாமா?

லிந்துலை அக்கா:

தம்பி, விட்டுவிடாதே. உன் பதிவை வாசித்ததும்தான் நான் எழுத வந்தேன்.

பாடசாலையில் தமிழில் சேர் விளக்கியபோது உனக்குக் கேட்டு விளங்கியதுதானே? காது அதேதான். மாறியது மொழி. அந்த வினாக்கொத்து உன் இங்கிலீசை அளந்துவிட்டு அதற்குப் பாணி என்று பெயர் வைத்திருக்கிறது. ஆறு மாதம் போகட்டும், அதே லெக்சர் காதில் ஏறும். அப்போது உன் ‘பாணி’ மாறிவிட்டதா?

மலையகத்தில் இதை நிறையப் பார்க்கலாம். தமிழில் உயர்தர கணிதப் பிரிவு நடக்கிற பாடசாலைகள் நம் பக்கத்தில் குறைவு. இருக்கிற இடத்திலும் பிரயோக கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாமல் வருடம் ஓடுகிறது. பொகவந்தலாவையிலோ ராகலையிலோ இருக்கிற பிள்ளை யாரோ கொடுத்த பழைய டியூட்டை வைத்துக்கொண்டு தானாகவே படிக்கிறது. கேட்டால் ‘நான் தனியாக வாசித்துப் படிக்கிற ஆள்’ என்று சொல்லும். டேட்டாக் காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை யூடியூப்பில் பார்த்துப் படிக்கும், அது ‘பார்த்துப் படிக்கிற ஆள்’. லைன் அறையில் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சத்தம் போடாமல் படிக்கப் பழகிய பிள்ளை வாய்விட்டுச் சொல்லிப் படிக்காது. இதெல்லாம் பிள்ளைக்குள் இருக்கிற குணமா, இல்லை வாய்த்த வசதியா? வசதிக் குறைவைப் பிள்ளையின் இயல்பு என்று எழுதிவைத்தால் குறைவை யாரும் தீர்க்க வரமாட்டார்கள். கொட்டகலைத் தங்கச்சி நாளைக்கு ஆசிரியை ஆகப்போகிறவர். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் நுண்கணிதம் படித்த கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கேயே படித்த சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஊரி டிரைஸ்மன் என்பவர் ஆசிரியர்களிடம் காரணம் கேட்டார். ஆர்வம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கம் இல்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் இரு தரப்பிலும் 20, 20 பேரை எடுத்து, அவர்கள் படிக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்தார். சொன்ன காரணம் ஒன்றும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் பாடுபட்டுத்தான் படித்தார்கள், ஆனால் தனித்தனியாக. பிழை எங்கே என்று காட்ட ஆள் இல்லை. சீன மாணவர்கள் முதலில் தனியாகச் செய்துவிட்டுப் பிறகு கூடி ஒருவர் வேலையை ஒருவர் திருத்தினார்கள், யாருக்கும் வராத கணக்கைச் சேர்ந்து உடைத்தார்கள். அதன் பிறகு டிரைஸ்மன் கறுப்பின மாணவர்களுக்குக் கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்கிற பட்டறைகளை அமைத்தார். பெறுபேறு நன்றாக உயர்ந்தது.

நமக்கு இது புதிதா என்ன? கம்பஸில் குப்பி போடுவது இதுதானே! பரீட்சைக்கு முன்னால் சீனியர் ஒருவர் வந்து தமிழில் சொல்லித் தருவது மட்டும் இல்லை. நான் படித்த காலத்தில் நாங்கள் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு தேற்றம் பொறுப்பெடுப்போம். பலகைக்குப் போனவர் குறிப்பைப் பார்க்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். எனக்குக் கணிதம் உள்ளே போனது அந்த ‘ஏன்’களில்தான்.

ஊவா முதலாம் வருடம்:

நன்றி அக்கா. மனம் கொஞ்சம் லேசாகியது. ஆனால் டியூட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தும் பரீட்சையில் எழுத வரவில்லை. சார்பின் எல்லைக்கான எப்சைலன் டெல்டா வரைவிலக்கணத்தைப் பாடமாக்கியிருக்கிறேன். கணக்கு வந்ததும் கை நிற்கிறது.

பேராதனைக் கணக்கு:

தம்பி, வாசிக்கும்போது எல்லாம் விளங்கிய மாதிரி இருக்கும். தெரிந்த வரி கண்ணில் படுவதும் அதை நாமே எழுத முடிவதும் வேறு வேறு. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனை இதற்குப் பொருத்தம். ஒரு பகுதியைச் சிலர் இரண்டு தடவை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை வாசித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள், 81க்கு 75 வீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56 வீதம், வாசித்தவர்கள் 42. அது உரைநடையை வைத்துச் செய்தது, கணிதத்தை வைத்து அல்ல. ஆனால் நிறுவல் படிக்கிறவனுக்கும் இதே பொறிதான். வாசித்த அன்றைக்கு வருகிற நம்பிக்கையை வைத்து எதையும் தீர்மானிக்காதே.

சரி, எப்சைலன் டெல்டாவுக்கு வருவோம். பாடமாக்கியதை மூடிவைத்துவிட்டு இதைச் செய்து பார். எப்சைலன் என்பது சார்பின் பெறுமானம் எல்லையிலிருந்து விலகக்கூடிய தூரம், டெல்டா என்பது அதற்காக எக்ஸ் அந்தப் புள்ளியிலிருந்து விலகக்கூடிய தூரம். ‘எந்த எப்சைலன் கொடுத்தாலும் அதற்கு ஒரு டெல்டா உண்டு’ என்பதுதான் வரைவிலக்கணம். அதைத் திருப்பி, ‘ஒரே டெல்டா, எந்த எப்சைலன் கொடுத்தாலும் அது போதும்’ என்று வைத்தால் எப்படிப்பட்ட சார்புகள் மிஞ்சும்? ஒரு கோட்டை வரைந்து பார், உதாரணமாகச் சார்பு இரண்டு எக்ஸ். டெல்டாவை எவ்வளவு சிறிதாக எடுத்தாலும், அதைவிடச் சிறிய எப்சைலனைக் கேட்டு உன்னை மடக்கிவிடலாம். மடக்க முடியாத சார்பு எது? அந்தப் புள்ளியைச் சுற்றி எல்லைப் பெறுமானத்திலேயே தட்டையாகக் கிடக்கிற சார்பு மட்டும்தான். இதை நீயே கண்டுபிடித்தால், டெல்டா ஏன் எப்சைலனுக்குப் பிறகு வருகிறது என்று வாழ்நாளுக்கும் மறக்காது. கவனித்தாயா, இதில் வரைதல் இருக்கிறது, எழுதுதல் இருக்கிறது, நண்பனோடு வாய்விட்டு வாதாடுதல் இருக்கிறது. எல்லாமே எல்லோருக்கும் தேவை.

ஹட்டன் மாஸ்டர்:

கணக்குத் தம்பி, இது எனக்கும் பிடித்தது. ஆனால் என் பிள்ளைகளுக்கு நான் நிறையச் செய்விக்கிறேனே! ஒரு பாடம் முடிந்ததும் அந்தப் பாடத்துக் கடந்தகால வினாக்கள் முழுவதையும் செய்துவிடுவார்கள். உயர்தரத்தில் ஏயும் பியும் எடுத்துவிட்டுக் கம்பஸ் போனவர்கள் முதல் வருடமே தடுமாறுகிறார்கள் என்று கேள்விப்படும்போது மனம் கேட்பதில்லை. அந்தப் பிள்ளைகள் வீட்டில் முதன்முதலாக கம்பஸ் போனவர்கள். பயிற்சி போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

பேராதனைக் கணக்கு:

போதாது என்று நானும் சொல்லமாட்டேன் சேர். பயிற்சியின் ஒழுங்கைத்தான் பார்க்கவேண்டும்.

இணைந்த கணிதம் முதல் வினாத்தாளில் பி பகுதியை நினைத்துப் பாருங்கள். 11ஆம் வினாவில் இருபடிச் சமன்பாடு, 14இல் வகையீடு, 15இல் தொகையீடு, 17இல் திரிகோண கணிதம். வினா இலக்கத்தைக் கண்டதுமே பிள்ளைக்கு எந்தப் பெட்டியைத் திறக்கவேண்டும் என்று தெரியும். பாடவாரியாகச் செய்கிற பயிற்சி அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்குகிறது. கம்பஸ் வினாத்தாள் அந்தச் சைகையைத் தராது.

தொகையீட்டில் மூன்று கணக்கை எடுங்கள். முதலாவதில் மேலே ஒன்று, கீழே எக்ஸ் வர்க்கம் சக ஒன்று. இரண்டாவதில் அதே கீழெண், ஆனால் மேலே எக்ஸ். மூன்றாவதில் மேலே ஒன்று, கீழே எக்ஸ் வர்க்கம் சய ஒன்று. பார்வைக்கு மூன்றும் கூடப் பிறந்தவை மாதிரி. முதலாவதற்கு நேர்மாறு தான்சன், இரண்டாவதற்குப் பிரதியீடு செய்து மடக்கை, மூன்றாவதற்குப் பகுதிப் பின்னம். ‘பகுதிப் பின்னம்’ என்று தலைப்புப் போட்டு அதன் கீழ் இருபது கணக்குச் செய்த பிள்ளைக்கு அந்த முறை வரும். ஆனால் மூன்றையும் தலைப்பில்லாமல் கலந்து வைத்தால் எது எதற்கு என்று தெரிந்தெடுக்க அது பழகவே இல்லை. கணிதத்தில் பாதி வேலை அந்தத் தெரிவுதான்.

இதை ரோரரும் டெய்லரும் 2007இல் கல்லூரி மாணவர்களை வைத்தே சோதித்தார்கள். நான்கு வகைத் திண்மங்களின் கனவளவு காண்பது. ஒரு பிரிவு வகைவகையாகச் செய்தது, மற்றப் பிரிவு அதே கணக்குகளைக் கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் வகைவகையாகச் செய்தவர்கள் 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60 வீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த பரீட்சையில் முதல் பிரிவு 20 வீதம், கலந்து செய்த பிரிவு 63. பாணியைப் பற்றிய எந்த ஆய்விலும் இப்படி ஒரு இடைவெளியை நான் கண்டதில்லை. அதுவும் கணக்கு ஒன்றைக்கூடக் கூட்டாமல், ஒழுங்கை மட்டும் மாற்றியதற்கு.

பண்டாரவளைப் புள்ளிவிபரம்:

இதே ரோரர்தான் 2008 பாணி ஆய்விலும் ஒருவர்.

பாணிப் பக்கமும் பார்த்துவிடுவோம். இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படித்த 400க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு வார்க் கொடுத்துப் பார்த்தார்கள். ஹஸ்மனும் ஓலோக்லினும் செய்தது, 2019இல் அச்சில் வந்தது. பெரும்பாலானவர்கள் தங்களுக்கு வந்த பாணிப்படி படிக்கவே இல்லை. அப்படிப் படித்தவர்களும் கூடப் புள்ளி எடுக்கவில்லை. கொட்டகலைத் தங்கச்சி செய்ய நினைத்ததன் பெரிய வடிவம் இது.

ஹட்டன் மாஸ்டர்:

89இல் இருந்து 20க்கு விழுவது என்றால் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று. கலந்து கொடுத்தால் வகுப்பில் பிள்ளைகள் நிறையப் பிழை விடுவார்கள். மனம் உடைந்துபோகும். டியூசனை நிறுத்திவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். பெற்றோர் கொழுந்துக் காசில் கட்டணம் கட்டுகிறார்கள். மார்க் குறைந்தால் வீட்டில் முதலில் வருகிற கேள்வி ‘உனக்கு இது சரிவருமா’ என்பதுதான். 60 வீதம் எடுக்கிற பயிற்சியை அவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

லிந்துலை அக்கா:

சேர் கேட்டதுதான் சரியான கேள்வி. புதுப் பாடத்தை ஆரம்பிக்கும்போதே கலக்கவேண்டாம். முதலில் செய்து காட்டிய உதாரணங்கள் சில, அதே மாதிரிக் கணக்குகள் சில, பிள்ளைக்குப் பிடி கிடைக்கும் வரைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் போன மாதப் பாடத்திலிருந்தும் இரண்டு மூன்றைத் தலைப்பில்லாமல் கலந்து கொடுங்கள். அதற்குப் புள்ளி போடாதீர்கள். வீட்டுக்குக் காட்டுகிற மார்க்கில் அது சேராது என்று பிள்ளைகளிடம் முதலே சொல்லிவிடுங்கள். இரண்டு பேராக உட்கார்ந்து, ‘இதற்கு எந்த முறை, ஏன்’ என்று மட்டும் எழுதினால்கூடப் போதும், கடைசிவரை செய்யத் தேவையில்லை.

கொட்டகலை மாணவி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. திட்டத்தை மாற்றப்போகிறேன். ஆனால் விரிவுரையாளருக்குப் ‘பாணி’ என்ற தலைப்பில்தான் விருப்பம். அதை முழுவதும் விடாமல் ஏதாவது வழி இருக்கிறதா?

பேராதனைக் கணக்கு:

இருக்கிறது. 1976இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் மார்ட்டனும் சல்யோவும் மாணவர்கள் ஒரு பகுதியை எந்த நோக்கத்தோடு வாசிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பொருளைத் தேடுகிறவர்கள் ஒரு பக்கம், கேட்கப்போவதை மட்டும் பாடமாக்குகிறவர்கள் மறுபக்கம். ஆழமான அணுகுமுறை, மேலோட்டமான அணுகுமுறை என்று பெயர். இது பிறவிக் குணம் அல்ல. பரீட்சை எப்படி இருக்கிறதோ, வகுப்பு எப்படி நடக்கிறதோ அதைப் பொறுத்து ஒரே ஆள் மாறுவார். இதை அளக்க பிக்ஸ் குழுவினரின் 20 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து 2001இலிருந்து இருக்கிறது. அதைத் தமிழில் ஆக்கினால் உங்கள் விரிவுரையாளரும் ஒத்துக்கொள்ளக்கூடும்.

ஆனால் உங்களுக்குத் தைரியம் இருந்தால் பாடசாலைப் பயிற்சிக் காலத்தில் கலப்புப் பயிற்சியையே சோதித்துப் பாருங்கள். 11ஆம் தரத்துக்குக் காரணிப்படுத்தல் நல்ல பாடம். பொதுக் காரணி, இரு வர்க்கங்களின் வித்தியாசம், மூவுறுப்பு இருபடி, நான்கு உறுப்பைச் சோடியாக்குவது. நான்கும் சேர்ந்தால் எந்த முறை என்று தெரிந்தெடுக்கவேண்டி வரும். ஒரே கணக்குகள், இரண்டு ஒழுங்கில் இரண்டு தாள்.

பண்டாரவளைப் புள்ளிவிபரம்:

இரண்டு வகுப்பை எடுத்து ஒன்றுக்கு ஒரு தாள், மற்றதற்கு மற்றத் தாள் என்று கொடுக்காதீர்கள். வகுப்புக்கு வகுப்பு ஆசிரியரும் தரமும் வேறு. ஒரே வகுப்புக்குள் குலுக்கிப் பாதிப்பாதியாகக் கொடுங்கள். கடைசிப் பரீட்சையை இப்போதே எழுதி மூடிவைத்துவிடுங்கள், இடையில் மாற்றக் கூடாது. இரண்டு கிழமை இடைவெளி விடுங்கள். முடிந்ததும் மற்றப் பிள்ளைகளுக்கும் கலப்புத் தாளைக் கொடுத்துவிடவேண்டும், யாரும் குறைந்துபோகக் கூடாது.

ஹட்டன் மாஸ்டர்:

காரணிப்படுத்தல் கணக்குகள் என்னிடம் தட்டச்சு செய்தே கிடக்கின்றன மகள். அனுப்பிவிடுகிறேன், நீங்கள் ஒழுங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உயர்தரப் பிள்ளைகளுக்குத் தொகையீட்டில் நானும் அடுத்த தவணை இதைச் செய்து பார்க்கிறேன். சார்பு வேகத்துக்கு முக்கோணம் வரைவதை மட்டும் விடமாட்டேன்.

கொட்டகலை மாணவி:

சேர், மிகவும் நன்றி. ஒரேயொரு சந்தேகம். விடைத்தாளை நானே திருத்தலாமா? எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாள் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியுமே.

பண்டாரவளைப் புள்ளிவிபரம்:

அதனாலேயே நீங்கள் திருத்தவேண்டாம். பெயருக்குப் பதிலாக இலக்கம் போட்டு உங்கள் அறைத்தோழியிடம் கொடுங்கள். புள்ளித்திட்டத்தையும் முதலே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முறையைச் சரியாகத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு புள்ளி, செய்து முடித்ததற்குத் தனிப்புள்ளி என்று பிரித்தால், வித்தியாசம் எந்த இடத்தில் வருகிறது என்றும் தெரியும்.